தேக்கு பெஞ்சில் ஒரு கரித்திட்டு

அரைக்காணிப்பட்டியில் மழை பெய்யாத வருஷம் உண்டு, நெல் விளையாத வருஷம் உண்டு. கிறுக்குத்தனம் விளையாத வருஷம் மட்டும் கிடையாது. அந்த ஊரில் சடையாண்டி, வெள்ளையன், குருசாமி என்று மூன்று அண்ணன்மார். மூவருக்கும் ஒரே தங்கை அழகம்மை. வீட்டில் உருப்படியான சாமான் என்று பார்த்தால் ஒரு தேக்கு பெஞ்சுதான்.

வெள்ளிக்கிழமை அழகம்மையைப் பெண் பார்க்க வருகிறார்கள். மாப்பிள்ளையைத் திருவிழாவில் பார்த்ததிலிருந்தே அவளுக்கு மனசுக்குள் ஒரே குதியாட்டம். இந்த நேரம் பார்த்துக் குருசாமி கேசரி கிண்டிய சட்டியைச் சுடச்சுட அந்தப் பெஞ்சின் மேல் இறக்கி வைத்தான். தட்டு அளவுக்குக் கரித்திட்டு!

"மாப்பிள்ளையோட அப்பா ரொம்பக் கறாரானவராம்! இந்தச் சம்பந்தம் மட்டும் தட்டிப்போச்சுன்னா, இனிமே நீங்களே பொங்கித் தின்னுக்குங்க!" என்று அழுதாள் அழகம்மை. அண்ணன்மார் மூவரும் நல்லமுத்து ஆசாரியிடம் ஓடினார்கள்.

ஆசாரி அவசர வேலையில் இருந்தார். "திட்டு தெரியாத வரைக்கும் உப்புத்தாள் போட்டுத் தேய்ங்க. பள்ளம் விழுந்தா, அதே மரத்துத் தூளைப் பசையில குழைச்சு அடைங்க. மேல வார்னிஷ் அடிங்க. காயற வரைக்கும் ஒரு ஈ உட்காரக் கூடாது. அவ்வளவுதான், போங்கப்பா."

தேய்த்தார்கள். கை வலித்ததும் வெள்ளையன் எழுந்து போய்க் கதவையும் ஜன்னலையும் சாத்தினான்.

"இப்பத் தெரியுதா?"

"ஊஹூம்! வேலை முடிஞ்சுது!"

அழகம்மை வந்து கதவைத் திறந்தாள். திட்டு இருந்தது.

"வெளியில நின்னிருக்கு. கதவைத் திறந்ததும் உள்ள வந்துருச்சு," என்றான் சடையாண்டி.

அவள் போட்ட சத்தத்தில் மறுபடி தேய்த்தார்கள். திட்டு போய்ப் பள்ளம் வந்தது. கீழே மரத்தூள் குவிந்து கிடந்தது.

"அதைத் தொடாதீங்கடா! அது திட்டோட தூள். அதை அடைச்சா பழையபடி திட்டு வந்துரும்," என்றான் சடையாண்டி.

"ஆசாரி பட்டறையில தேக்குத் தூள் கிடக்கே?"

"அது வேற மரம். அவர் அதே மரம்னுல்ல சொன்னார்!"

யோசித்துப் பெஞ்சின் ஒரு காலை அடியோடு அறுத்தார்கள். அந்தத் தூளில் பள்ளம் அடைபட்டது, பெஞ்சு சாய்ந்தது. ஒரு காலுக்கு மட்டும் ஓரவஞ்சனை செய்யலாமா என்று மற்ற கால்களையும் அறுத்தார்கள். பலகை தரையில் சமமாக உட்கார்ந்தது. கால்கள் கேசரி அடுப்புக்கு விறகாயின.

வெள்ளிக்கிழமை காலையில் வார்னிஷ் அடித்தார்கள். உடனே ஒரு ஈ வந்தது. விரட்டினார்கள், திரும்ப வந்தது.

"ஈதானே உட்காரக் கூடாது? அதுக்கு முன்னாடி நான் இடம் பிடிச்சுக்கிறேன்," என்று குருசாமி பலகை நடுவில் சப்பணம் போட்டு உட்கார்ந்தான். ஈ ஏமாந்து போனது.

மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். இரண்டு அண்ணன்மார் எழுந்து கும்பிட்டார்கள். குருசாமியும் எழப் பார்த்தான், பலகை விடவில்லை. மாப்பிள்ளையின் அப்பா மாயாண்டிக்கு முகம் சிவந்துவிட்டது.

"சம்பந்தம் பேச வந்தவங்களுக்கு இதுதான் மரியாதையா?"

கதவுக்குப் பின்னால் அழகம்மைக்கு உயிரே போய்விட்டது. சடையாண்டி பயந்து நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னான். மாயாண்டி குனிந்து பலகையைத் தடவிப் பார்த்தார். பிறகு மகன் பக்கம் திரும்பினார்.

"கேட்டியாடா? நம்ம பெஞ்சுக்கும் ஆசாரி இதையேதான சொன்னார்! இவங்க காலை அறுத்திருக்காங்க. நாம புத்திகெட்டுப் போய்ப் பலகையை அறுத்தோம். பள்ளமும் போச்சு, பலகையும் போச்சு. வீட்ல வெறும் நாலு கால் நிக்குது. இவங்ககிட்ட பலகை, நம்மகிட்ட காலு. இதைவிடப் பொருத்தம் வேணுமா?"

அப்பொழுதே தட்டு மாற்றினார்கள். அழகம்மைக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கல்யாணம் முடிந்ததும் பலகை சீர்வரிசையோடு வண்டியேறிப் போய் அந்த நாலு கால் மேல் உட்கார்ந்தது. குருசாமியும் கூடவே போனான். வேறு வழி?

பெஞ்சு ஜோராக நின்றது. நடுவில் குருசாமி இருப்பதுதான் மாயாண்டிக்கு உறுத்தியது. "பெஞ்சு நடுவுல ஒண்ணு தெரியுது, என்ன செய்ய?" என்று ஆசாரியிடம் கேட்டு வந்தார். பழைய பதில்தான். உப்புத்தாளோடு அவர் நெருங்கவும் குருசாமி அலறினான்.

"ஐயோ மாமா! முதல்ல கதவு ஜன்னலைச் சாத்திப் பாருங்க!"

சாத்தினார். குருசாமி தெரியவேயில்லை. அன்றிலிருந்து அந்த வீட்டில் பட்டப்பகலிலும் கதவைத் திறப்பதில்லை.