புறாவுக்கு மாதவரம் காட்டியவர்கள்

முதலில் கேட்டது தகர டப்பாவுக்குள் கம்பு குலுங்குகிற சத்தம். சளக், சளக், சளக். அதோடு சேர்ந்து நாலு ஆம்பிளைகள் நாலு சுருதியில் அடித்த சீட்டி. அப்புறம் "வாடி, வா வா வா" என்று தொண்டை கம்மிய ஒரு குரல். யாரோ குழந்தையைத் தொலைத்துவிட்டார்கள் என்று நினைத்து மாதவரத்தில் அந்தத் தெருவே வெளியே வந்து அண்ணாந்து பார்த்தது. மொட்டை மாடியில் நாங்கள் நின்றோம். வானத்தில் ஒன்றும் இல்லை.

முட்டாள்களுக்கென்று எங்கேயோ தனியாக ஓர் ஊர் இருப்பதாகச் சொல்கிறவர்கள் எங்களைப் பார்த்ததில்லை. நாங்கள் ஊர் அளவுக்கு ஆசைப்படவில்லை. ஒரு வாட்ஸ்அப் குழுவே போதுமாக இருந்தது. பெயர், புளியந்தோப்பு புறா நண்பர்கள். ஆட்டோ ஓட்டும் எதிராஜ், மெத்தைக் கடை ஜிலானி பாய், போர்டு எழுதும் ஞானமுத்து, ஐஸ் கம்பெனியில் ராத்திரி ஷிப்ட் பார்க்கும் நான். பகலில் தூங்க வேண்டியவன் தூக்கம் வராமல் புறா வளர்க்கப் போனேன். மற்ற மூன்று பேருக்கும் அந்தச் சாக்குகூடக் கிடையாது.

எங்கள் குழுவில் காலை வணக்கம் என்றால் புறா படம். மத்தியானம் 'சாப்பிட்டாச்சா' என்றால் அதுவும் புறாவைத்தான். ஜிலானி பாய் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது ஞானமுத்து, 'எச்சம் எப்படிப் போவுது?' என்று கேட்டிருந்தான். பாய் பாவம், நிறத்தோடு விவரமாகப் பதில் எழுதினார். 'உங்களைக் கேக்கல பாய்' என்று இவன் திருப்பி எழுதினான். இருந்தாலும் பாயின் பதிலுக்கு நாங்கள் எல்லோரும் கட்டை விரல் போட்டோம். நட்பு என்றால் அப்படி.

சாயங்காலமானால் எதிராஜ் வீட்டு மாடிதான். நடுவில் ஒரு முறம். கம்பில் கல் பொறுக்கிக்கொண்டே பேசுவோம். எங்கள் பேச்சில் பொறுக்கினால் கல் மட்டும்தான் தேறும்.

இப்படி இருக்கையில் எதிராஜ் வீடு மாற்றினான். புளியந்தோப்பு வீட்டில் மூன்றாவது மாடிக்குத் தண்ணீர் ஏறவில்லை என்று அவன் மனைவி பவுனு மாதவரத்தில் ஒரு வீடு பிடித்தாள். கட்டில், பீரோ, புறா எல்லாம் போயின. மறுநாள் காலையில் கூண்டைத் திறந்தான். புறாக்கள் வீட்டுக்கு மேலே ஒரு வட்டம் போட்டுப் பார்த்தன. பிறகு புளியந்தோப்புக்குப் போய்விட்டன.

அங்கே புதிதாகக் குடிவந்தவர் ஹேமாவதி. பிஸ்கட் கம்பெனியில் பேக்கிங் சூப்பர்வைசர். எதிராஜுக்குப் போன் போட்டார்.

"உங்க புறா என் புடவை மேல அசிங்கம் பண்ணிவெச்சிருக்கு."

"எந்தப் புறாம்மா? சாம்பலா, வெள்ளையா?"

"அசிங்கம் வெள்ளையா இருக்கு."

"அது எல்லாத்துக்குமே வெள்ளைதாம்மா. மூக்கு எப்படி இருந்திச்சி?"

அந்த அம்மாள் மூக்கைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "ஆடி முடியற வரைக்கும் பார்ப்பேன். அப்புறமும் வந்துச்சுன்னா பிடிச்சு மார்க்கெட்ல வித்துடுவேன்" என்று வைத்துவிட்டார்.

அன்று எதிராஜ் குழுவில் எழுதினான்: 'ஆடி முடியறதுக்குள்ள புறா புது வீட்டுக்குப் பழகலைன்னா, நான் புறாவையும் விட்டுடறேன், குழுவையும் விட்டுடறேன். மனசு தாங்கலப்பா.' யாரும் கட்டை விரல் போடவில்லை. எதிராஜ் இல்லாவிட்டால் எங்களுக்கு மாடி இல்லை. மாடி இல்லாவிட்டால் நாங்கள் ஒருவரை ஒருவர் பார்க்கக் காரணமே இல்லை. ஐஸ் கட்டிகளோடு எவ்வளவு நேரம்தான் பேசிக்கொண்டிருக்க முடியும்?

பந்தயப் புறாவில் கரைகண்ட செங்கல்வராயன் அண்ணன் வேலூரில் இருக்கிறார். அவரிடம் கேட்டோம். குரல் செய்தி அனுப்பினார்: "அவசரப்படாதீங்கப்பா. புது எடத்துல அக்கம்பக்கத்தைக் காட்டிப் பழக்கணும்."

எதிராஜ் ராத்திரியோடு புளியந்தோப்புக்குப் போய்ப் புறாக்களைப் பிடித்துக் கூண்டில் போட்டு எடுத்துவந்தான். காலையில் கூண்டை ஆட்டோவின் பின்சீட்டில் வைத்தோம். பக்கத்தில் ஞானமுத்து உட்கார்ந்தான். மாதவரம் முழுக்க மெதுவாகச் சுற்றினோம்.

"இது ரேஷன் கடை. இது பஸ் நிறுத்தம். இந்தத் தெரு வேணாம், நாய் கீது" என்று ஞானமுத்து ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தான். கறிக்கடை வந்தபோது மட்டும் கூண்டைத் துண்டால் மூடினான். அவன் மனசு அப்படி.

மறுநாள் திறந்துவிட்டோம். புளியந்தோப்பு.

"தப்பு நம்ம மேலதான்" என்றார் ஜிலானி பாய். எங்களில் யோசிக்கிறவர் அவர். "ஆட்டோல உக்காந்து பாத்தா அதுக்கு இன்னா தெரியும்? அது மேலேர்ந்து பாக்கற ஜீவன். ரேஷன் கடை அதுக்குக் கடையாவா தெரியும்? தகரமாத்தான் தெரியும்."

"அப்போ மேலேர்ந்து காட்டணும்" என்றேன் நான். இதைச் சொன்னது நான்தான் என்பதில் இன்றைக்கும் எனக்குப் பெருமையில்லை.

ஞானமுத்து ஒரு பழைய பேனர் துணியின் பின்பக்கத்தில் மாதவரத்தை மேலிருந்து பார்த்த மாதிரி வரைந்தான். தகரம், ஓடு, தண்ணீர்த் தொட்டி, எல்லாம் வர்ணத்தில். எதிராஜ் வீட்டுக்குச் சிவப்பில் அம்புக்குறி. அதைக் கூண்டுக்குள் தரையில் விரித்தோம். கொஞ்ச நேரத்தில் ஒரு பெட்டைப் புறா நடந்துவந்து, சரியாக எதிராஜ் வீட்டின் மேல் எச்சமிட்டது.

"புரிஞ்சிக்கிச்சுப்பா!" என்று எதிராஜ் கண் கலங்கினான். நாங்கள் கைதட்டினோம். திறந்துவிட்டோம்.

புளியந்தோப்பு.

இந்த ஓட்டத்தில் இன்னொரு விஷயமும் கவனித்தோம். திரும்பப் பிடித்துவரும் ஒவ்வொரு தடவையும் புறாக்கள் முன்பைவிடக் கனத்தன. கூண்டைத் தூக்க முதலில் ஓர் ஆள் போதும். இப்போது இரண்டு ஆள்.

"பழைய வீட்ட நெனச்சி நெனச்சி வீங்கிப் போச்சுங்க" என்றான் எதிராஜ். "துக்கத்துல சில பேரு அப்படித்தான் ஊதுவாங்க" என்று பாயும் ஒத்துக்கொண்டார். புறாக்கள் மீது லேசாக வெண்ணிலா வாசம் அடித்தது. அது துக்கத்தின் வாசமாக இருக்கும் என்று விட்டுவிட்டோம்.

மறுபடி அண்ணனிடம் கேட்டோம். அவர் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தார் போல, சத்தத்துக்கு நடுவே சுருக்கமாகச் சொன்னார்: "புது வீடு அதுக்குப் பழைய வீடு மாதிரி இருக்கணும்ப்பா. அப்போதான் தங்கும்."

இவ்வளவு தெளிவாக எங்களுக்கு யாரும் எதையும் சொன்னதில்லை. அன்றைக்கே வேலையில் இறங்கினோம்.

ஹேமாவதி வேலைக்குப் போயிருந்த நேரம் பழைய மாடியைப் போட்டோ எடுத்தோம். சிண்டெக்ஸ் தொட்டியில் ஒரு விரிசல் உண்டு. அதே விரிசலை மாதவரத் தொட்டியில் ஞானமுத்து கறுப்புப் பெயின்டால் போட்டான். பாய்க்குத் திருப்தியில்லை. "ஒழுகணும்ப்பா. பழையது ஒழுகும்ல" என்றார். ஆணியால் ஒரு ஓட்டையும் போட்டோம். கைப்பிடிச் சுவரில் பாசி இல்லை என்பதால், பாசி பிடிக்கட்டும் என்று தயிர் தடவினோம். பழைய மாடியில் செத்துப்போன ஒரு டேபிள் ஃபேன் கிடந்தது. பாய் தன் கடையில் ஓடிக்கொண்டிருந்த ஃபேனைக் கொண்டுவந்து, கீழே போட்டு உடைத்து, அதே இடத்தில் அதே பக்கமாகச் சாய்த்து வைத்தார்.

"கொடியில புடவை?" என்றான் ஞானமுத்து.

"பவுனு புடவையப் போடேன்."

"பாய், புறா கடைசியாப் பாத்தது பவுனக்கா புடவையை இல்ல. அந்த அம்மா புடவைய."

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. ஹேமாவதியிடம் போய்க் கேட்பதென்று முடிவாயிற்று. யார் கேட்பது என்பதில்தான் வாக்குவாதம். கடைசியில் நாலு பேருமே போய்க் கதவைத் தட்டினோம்.

"அம்மா, உங்க புடவை ஒண்ணு வேணும்" என்றான் எதிராஜ்.

"எதுக்கு?"

"எங்க மொட்டை மாடியில காய வெக்கறதுக்கு."

அவர் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். கதவை மூடினார். எங்களுக்கு ஏமாற்றம்தான். ஆனால் ஞானமுத்து திரும்பி வரும்போது மாடி வழியாக ஒரு நடை போய்வந்தான் என்பது மாதவரம் வந்த பிறகுதான் தெரிந்தது. மயில்கழுத்து நிறத்தில் ஒரு புடவை, கொடிக்கயிற்றோடு, கிளிப்போடு.

"திருட்டு இல்லண்ணே" என்றான் என்னிடம். "புறா பழகினதும் துவைச்சிக் குடுத்துடலாம்."

ஆடிக் கடைசி ஞாயிறு. தகர டப்பாவைக் குலுக்கிக்கொண்டு நாங்கள் மாடியில் நின்றது அன்றைக்குத்தான். காலையில் திறந்துவிட்ட புறாக்கள் திரும்பவே இல்லை. எதிராஜ் சீட்டியடித்து உதடு காய்ந்துபோய்க் கீழே உட்கார்ந்துவிட்டான். "வேணாம்ப்பா. என்னை விட்டுடுங்க" என்றான். குழுவை விட்டு விலகுகிற பொத்தானைத் தேடி போனைத் தடவிக்கொண்டிருந்தான்.

அப்போது தெருவில் ஒரு ஷேர் ஆட்டோ வந்து நின்றது. ஹேமாவதி ஒரு பெரிய பிஸ்கட் அட்டைப் பெட்டியோடு படியேறி வந்தார். பெட்டியில் ஓட்டைகள். ஓட்டைகளில் கண்கள்.

"இந்தாங்க உங்க புறா. எங்க என் புடவை?"

சொல்லிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். அதே தொட்டி. அதே விரிசல். அதே செத்த ஃபேன். அதே கொடியில் அவருடைய புடவை.

"இது என் மாடிதானே?" என்றார். "நான் எங்க வந்திருக்கேன்?"

எங்கள் வேலையை யாரும் இவ்வளவு உயர்வாகப் பாராட்டியதில்லை. ஞானமுத்து வெட்கப்பட்டான்.

எதிராஜ் பெட்டியைத் திறந்தான். புறாக்கள் பறக்கவில்லை. நேராக அந்த அம்மாளின் தோளிலும் கையிலும் ஏறி உட்கார்ந்தன. ஒன்று அவருடைய கைப்பைக்குள் தலையை விட்டது. வெளியே எடுத்தபோது அலகில் அரை பிஸ்கட்.

"நீங்க தீனி போட்டீங்களாம்மா?" என்றான் எதிராஜ், கொலைக்குற்றத்தைக் கேட்கிற குரலில்.

"பின்ன? பட்டினியா உக்காந்து என் வாயையே பார்த்துட்டிருந்தா நான் என்ன செய்யட்டும்? கம்பெனியில உடைஞ்சது கொடுப்பாங்க, அதைப் போட்டேன். அதுக்காக எனக்கு இதுங்களைப் பிடிக்கும்னு அர்த்தம் இல்ல."

பவுனு அவருக்குக் காப்பி கொண்டுவந்தாள். ஒரு வாய் குடித்துவிட்டு அந்த அம்மாள் டம்ளரைப் பார்த்தார்.

"தண்ணி உப்புக்கா" என்றாள் பவுனு. "குழாய்ல கொட்டுது, ஆனா பருப்பு வேக மாட்டேங்குது. அங்க எப்படி?"

"நல்ல தண்ணி. ஆனா மாடி ஏறல. எனக்குப் பரவாயில்ல, நான் எங்க பருப்பு வேக வெக்கறேன், கேன்டீன்ல சாப்பிடறவ. ஆனா இந்தக் கம்பெனிக்கு அங்கேர்ந்து வந்து போறதுக்குள்ள..." என்றவர் கைப்பிடிச் சுவருக்கு அப்பால் பார்த்தார். ரெண்டு தெரு தள்ளி அவருடைய பிஸ்கட் கம்பெனியின் புகைபோக்கி தெரிந்தது.

ஜிலானி பாய்க்குப் பொறி தட்டியது. அவருக்குப் பொறி தட்டினால் நாங்கள் வழக்கமாகக் கொஞ்சம் தள்ளி உட்காருவோம். அன்றைக்கு உட்காரவில்லை.

"எதிராஜு! புறாவுக்குப் புளியந்தோப்பு வேணும். இந்த அம்மாவுக்கு மாதவரம் வேணும். பவுனுக்குப் பருப்பு வேகணும், மாடிக்குத் தண்ணி நாம தூக்கிக் குடுக்கலாம். வீட்டை மாத்திக்கங்களேன்ப்பா!"

எங்கள் குழுவின் சரித்திரத்தில் அர்த்தமுள்ள யோசனை அது ஒன்றுதான். இரண்டு வீட்டு ஓனர்களும் சம்மதித்தார்கள். ஒரே மினி லாரி. போகும்போது எதிராஜ் சாமான், வரும்போது ஹேமாவதி சாமான். தயிர் பூசிய சுவரைக் கழுவித் தருகிறோம் என்றோம். "இருக்கட்டும், எனக்கு அதுதான் பழக்கம்" என்றார் அவர். புடவையை மட்டும் துவைத்துக் கொடுத்தோம்.

புளியந்தோப்பு மாடியில் எதிராஜ் புறாக்களைத் திறந்துவிட்டான். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். பத்து வயது குறைந்தவன்போல் இருந்தான். புறாக்கள் இறங்கி மாடியில் நடந்தன. தொட்டியைப் பார்த்தன. ஃபேனைப் பார்த்தன. எதிராஜ் நீட்டிய கம்பைப் பார்த்தன. ஒரு வட்டம் போட்டன. போய்விட்டன.

சாயங்காலம் போன் வந்தது. "எல்லாரும் இங்கதான் இருக்காங்க" என்றார் ஹேமாவதி. பின்னணியில் பிஸ்கட் பாக்கெட் கிழிபடும் சத்தம். "கொடியில புடவையப் போட்டேன், வந்து உக்காந்துட்டாங்க. விக்கல, பயப்படாதீங்க. ஆனா உப்புத் தண்ணிய எப்படித்தான் குடிக்குதுங்களோ."

நாங்கள் வட்டமாக உட்கார்ந்தோம். நடுவில் இருந்த முறத்தை யாரும் தொடவில்லை.

"அண்ணன் சொன்னதுல தப்பு ஒண்ணும் கெடையாது" என்றார் பாய் கடைசியில். "வீடு பழகின வீடு மாதிரி இருக்கணும். இப்போ புறாவுக்குப் பழகின வீடு எது?"

"மாதவரம்."

"அப்போ இந்த மாடி எது மாதிரி இருக்கணும்?"

"மாதவரம் மாடி மாதிரி" என்றோம் மூன்று பேரும்.

ஞானமுத்து அப்போதே கிளம்பிப் போய் மாதவரம் மாடியைப் போட்டோ எடுத்துவந்தான். போனைக் கையில் பிடித்துக்கொண்டு இந்த மாடியை மூலைக்கு மூலை நடந்து ஒப்பிட்டான். தொட்டியைப் பார்த்தான், படத்தைப் பார்த்தான். ஃபேனைப் பார்த்தான், படத்தைப் பார்த்தான். முகம் வாடிப்போயிற்று.

"எதை மாத்தறதுன்னே தெரியலண்ணே. ஒரு வித்தியாசமும் இல்ல."

"நல்லாப் பாரு" என்றேன் நான். "இந்த விரிசல்?"

"அதே விரிசல்."

"அது பெயின்ட்டு, இது நெஜம்" என்றார் பாய்.

அதுதான் கோளாறு என்று எல்லோருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. ஞானமுத்து எம்-சீல் வாங்கி நிஜ விரிசலை அடைத்து, காய்ந்ததும் அதன் மேலேயே கறுப்புப் பெயின்டால் விரிசலை வரைய ஆரம்பித்தான். பாய் பக்கத்தில் நின்று, "கொஞ்சம் கோணலா" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

எதிராஜ் போனை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டான். முறத்தை இழுத்து மடியில் வைத்து, கம்பைப் பரப்பி, கல் பொறுக்க ஆரம்பித்தான்.