தவளை அறை

ஒலிக்கலைஞர் தாட்சாயணிக்கு ஒரே ஒரு சீடர். சீடருக்குக் குருவைவிடப் பன்னிரண்டு வயது அதிகம்.

பெயர் சவரிமுத்து. திருவிழா, கல்யாணம், கட்சிக் கூட்டம் என்று பாதி வாழ்க்கை மைக் செட் போட்டவர். ஒருமுறை தாட்சாயணியின் ஒலிக் கண்காட்சிக்கு ஒயர் இழுத்துக் கொடுக்க வந்தார். அங்கே ஓர் இருட்டு அறைக்குள் கடலின் சத்தத்தைக் கேட்டார். மறுநாள் வேலை இல்லை, ஆனாலும் வந்தார். பிறகு மைக் செட்டைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டுக் கற்றுக்கொள்ளச் சேர்ந்துவிட்டார். தாட்சாயணி அவரை அண்ணே என்பார். அவர் டீச்சர் என்பார்.

இந்த வருடம்தான் முதல்முறையாக அவருக்கென்று ஓர் அறை கிடைத்தது.

ஊருக்கு வெளியே மூடிக் கிடந்த அரிசி ஆலையில் கண்காட்சி. நெல் ஊறவைக்கும் தொட்டிகள் இருந்த அறை சவரிமுத்துவுக்கு. மழை விட்டதும் வயலில் தவளைகள் கத்துமே, அந்தச் சத்தத்தை அங்கே வைக்க நினைத்தார். உள்ளே வருகிறவருக்கு மழை இப்போதுதான் விட்டது போல இருக்க வேண்டும்.

திறப்பு மறுநாள் காலை.

"இன்னிக்குள்ள யாராவது ஒருத்தர் உள்ள போய், ஸ்பீக்கர் பெட்டி எங்க இருக்குன்னு தேடாம நிக்கணும்," என்றார் தாட்சாயணி. "தேடினா நாளைக்கு அந்தக் கதவு மூடித்தான் இருக்கும், அண்ணே."

"திறக்கும் டீச்சர். நான் மறைச்சு வச்சா எனக்கே தெரியாது."

அது வெறும் பேச்சில்லை. சுவரில் செங்கல் பெயர்ந்த பொந்துகளைத் தேடிப் பெட்டிகளை உள்ளே தள்ளியிருந்தார். பொந்தின் வாயில் மெல்லிய துணி கட்டி, அதன்மேல் செங்கல் நிறம் பூசி, கரியையும் தேய்த்திருந்தார். கையால் தடவினால்தான் துணி என்று தெரியும்.

மதியம் சாப்பாடு கொண்டுவந்த மனைவி ரெஜினாவை உள்ளே அனுப்பினார். ரெஜினா தூக்குச்சட்டியோடு போய், தூக்குச்சட்டியோடு திரும்பி வந்தார்.

"வாசலுக்கு நேரா உசரத்துல ஒண்ணு. தொட்டிக்கு மேல ஒண்ணு. ஜன்னலோரம் ஒண்ணு," என்றார்.

"எப்படிப் பாத்தே?"

"எங்க பாத்தேன்? செவுத்துக்குள்ளேர்ந்து சத்தம் வருது, கையைக் காட்டுறேன். அது சரி, உள்ள கத்துறது தவளையா, எருமையா?"

சவரிமுத்து சத்தத்தைக் குறைத்துவிட்டு வந்தார். ரெஜினா மறுபடி போனார்.

"ஏங்க, போட்டீங்களா?" என்று உள்ளேயிருந்து கேட்டார். பிறகு அவரே சொன்னார்: "ஆமா, ஓடுது. அதே எடம்தான்."

சவரிமுத்து டீச்சரிடம் போனார். தாட்சாயணி தன் அறையில் தரையில் உட்கார்ந்து ஒயர் சுற்றிக்கொண்டிருந்தார்.

"பெட்டியை எப்படிப் பாத்து எடுத்தீங்க, அண்ணே?"

"இருக்கறதுலயே ஒசத்தியானதை எடுத்தேன் டீச்சர். முதல் அறையாச்சே."

"தவளை எத்தனை பெரிசு?"

சவரிமுத்து கையை மடக்கிக் காட்டினார். தாட்சாயணி அந்தக் கையைப் பார்த்தார். பிறகு மறுபடி ஒயரைச் சுற்றத் தொடங்கினார்.

சவரிமுத்து போய்ப் பெரிய பெட்டிகளைக் கழற்றினார். உள்ளங்கையில் அடங்குகிற சின்னப் பெட்டிகளைக் கொண்டுவந்து அதே பொந்துகளில் வைத்து, துணியைக் கட்டி, கரியைத் தேய்த்தார்.

ரெஜினா மூன்றாவது முறை போய் வந்தார்.

"இப்ப தவளை தவளையா இருக்கு."

"அப்புறம் என்ன?"

"என்ன, அப்புறம் என்ன? தவளை எல்லாம் செவுத்துப் பொந்துல இருக்கு. என் தங்கச்சி கல்யாணத்துல மாதா படத்துக்குப் பின்னாடி ஒரு பெட்டியை ஒளிச்சீங்க. மாதா சினிமாப் பாட்டுப் பாடுதுன்னு சனம் சிரிச்சுது. அதே கதைதான்."

"நீ வேணும்னே தேடுற."

"தேட வேண்டியதே இல்லைங்கறேன். நான் பாட்டுக்கு நிக்கிறேன், அதுதான் என்னைக் கூப்பிடுது."

ரெஜினாவுக்கு இனி சாயங்காலம்தான் பஸ். அவர் நிழலில் முந்தானையை விரித்துப் படுத்துவிட்டார். சவரிமுத்து இன்னும் கனமான துணி கட்டினார், சத்தம் அமுங்கியது. துணியை அவிழ்த்தார். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது.

தாட்சாயணி வாசலில் வந்து நின்றார்.

"வாங்க அண்ணே, வாய்க்கால் வரைக்கும் போயிட்டு வரலாம்."

"நேரம் இல்லையே டீச்சர்."

"கிட்டத்தான்."

ஆலைக்குப் பின்னால் வாய்க்கால் ஓடியது. முந்தின நாள் மழை பெய்திருந்ததால் இரண்டு கரையிலும் தவளைகள் கத்திக்கொண்டிருந்தன.

"ஒண்ணைக் கண்டுபிடிங்க," என்றார் தாட்சாயணி.

சவரிமுத்து சத்தம் வந்த பக்கம் நடந்தார். சத்தம் நின்றது. எதிர்க்கரையில் கத்தியது. பாலத்தைக் கடந்து அங்கே போனார். இந்தக் கரையில் கத்தியது. கோரையை விலக்கிப் பார்த்தார், கல்லைப் புரட்டிப் பார்த்தார். வேட்டி நுனி சேறானது.

"நல்லா ஒளிஞ்சிருக்கு டீச்சர்."

"சும்மா நில்லுங்க."

நின்றார். சற்று நேரத்தில் மிக அருகில் ஒன்று கத்தியது. குனிந்தார். ஒரு முழம் தள்ளி, புல்கூட இல்லாத மண்கட்டி மேல், தொண்டையை உப்பிக்கொண்டு ஒரு தவளை உட்கார்ந்திருந்தது.

"டீச்சர், இது ஒளியவே இல்லை. வெட்டவெளியில உக்காந்திருக்கு."

"அது யாருக்காகக் கத்துது?"

"அதோட ஜோடிக்கு."

"நமக்கு?"

"நமக்கென்ன? நமக்கு முதுகைக் காட்டிக்கிட்டு..."

சவரிமுத்து பாதியில் நிறுத்தினார். மைக் செட் போட்ட நாளெல்லாம் அவர் ஒரு பெட்டியைக்கூடச் சனங்களுக்கு முதுகு காட்டி வைத்ததில்லை. மேடை எந்தப் பக்கம் இருந்தாலும், பெட்டியின் முகம் கூட்டத்தைப் பார்க்க வேண்டும். தொழிலில் அவர் படித்த முதல் பாடம் அது.

அவர் விறுவிறுவென்று ஆலைக்கு நடந்தார். தாட்சாயணி மெதுவாகப் பின்னால் வந்தார்.

பொந்துகளிலிருந்த பெட்டிகள் எல்லாம் தரைக்கு இறங்கின. ஒன்றைச் சுவர் மூலையைப் பார்க்க வைத்தார். ஒன்றைக் காலித் தொட்டிக்குள் அடியைப் பார்த்துக் கவிழ்த்தார். ஒன்றுக்கு இடம் கிடைக்கவில்லை. வாசலுக்குப் பக்கத்திலேயே, வருகிறவர்களுக்கு முதுகைக் காட்டி, தரையில் வைத்துவிட்டார். அறையைச் சுற்றி ஒருமுறை பார்த்தார். பிறகு போய் மனைவியை எழுப்பினார்.

"இன்னொரு வாட்டியா? பஸ் வந்துரும்."

"ஒரே வாட்டி. உள்ள போ, போதும்."

ரெஜினா முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போனார். சவரிமுத்துவும் தாட்சாயணியும் கதவோரம் நின்றார்கள். சவரிமுத்து கையில் ஒரு கோணிச்சாக்கு இருந்தது.

அறை மங்கலாக இருந்தது. தவளைகள் நாலாபக்கமும் கத்தின. அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சொட்டு விழும் சத்தமும் கேட்டது.

இரண்டடி வைத்ததும் ரெஜினாவின் முணுமுணுப்பு நின்றது. அவர் சுவரைப் பார்க்கவில்லை. உசரத்தில் பார்க்கவில்லை. இடது கையால் சேலைக் கொசுவத்தைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டார். காலடியில் இருந்த பெட்டியைக் கல்லைச் சுற்றுவது போலச் சுற்றிக்கொண்டு, காய்ந்த சிமெண்டுத் தரையில் ஒவ்வொரு அடியாகப் பார்த்து வைத்தார். நடு அறையில் போய் அப்படியே நின்றுவிட்டார்.

சவரிமுத்து குரலைத் தாழ்த்தினார்.

"டீச்சர், பெட்டி எல்லாம் அப்படியே வெளியில தெரியுது. சாக்கைப் போட்டு மூடிரட்டுமா?"

தாட்சாயணி அவர் கையிலிருந்த சாக்கை வாங்கிக் கீழே வைத்தார்.

"உங்க வீட்டுக்காரங்க சேலையைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாங்க, அண்ணே. முதல்ல போய், கால் வைக்க அவங்களுக்கு ஒரு காய்ஞ்ச இடத்தைக் காட்டுங்க."