பங்காக்காரன் கொண்டுவந்த சாட்சி

ஒரு ஜமீன் அரண்மனையிலே, தர்பார் கூரையில் தொங்கிய பங்கா என்னும் துணி விசிறியைச் சுவருக்கு வெளியே உட்கார்ந்து முப்பது வருஷம் கயிறு இழுத்து ஆட்டியவன் சடையாண்டி. அவன் ஓய்வு பெறும் நாளில் திவான் ஆபத்சகாயம் மை பூசிய மீசையை முறுக்கிக்கொண்டு சட்டம் பேசினார்.

"தர்பாருக்குள் உழைத்தவன் முதல் வகை. கடைசிச் சம்பளத்தில் பாதி, ஆயுசுக்கும் வரும். வெளியாள் இரண்டாம் வகை. ஒரு வேட்டி, ஒரு தேங்காய், அவ்வளவுதான். நீ வெளியாள்."

"காத்து உள்ளேதானேங்க வந்துச்சு?"

"உன்னை உள்ளே பார்த்த சாட்சி ஒருத்தனைக் கொண்டா, பார்ப்போம்!"

சுவருக்குப் பின்னால் இருந்தவனை யார் பார்த்திருப்பார்கள்? சடையாண்டி தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்து, கயிற்றைத் தொடாமல் கையைக் கட்டிக்கொண்டான்.

சித்திரை வெயில். ஜமீன்தாருக்கு வேர்த்துக் கொட்டியது. திவானின் மீசை மை கரைந்து தாடையில் வழிந்தது. "சடையாண்டி எங்கேடா?" என்று தர்பாரே கத்தியது.

கயிறு நுழையும் ஓட்டையில் வாயை வைத்தான் சடையாண்டி. "எசமான், திவான் சாட்சி கேட்டாருங்க. நான் இருந்ததை ஒருத்தரும் பார்க்கலை. இல்லாததை எல்லாரும் பார்த்துட்டாங்க. போதுமுங்களா?"

ஜமீன்தார் திவானின் முகத்தைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார். "முதல் வகைன்னு எழுதுமய்யா!"

திவான் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதை ஓட்டை வழியே கண்ணால் பார்த்த பிறகுதான் கயிறு அசைந்தது.