ஈரச் சாக்கு கேட்ட தண்ணீர்

பால்வாடிக்குப் போடும் காசு பாழ்கிணற்றில் போட்ட காசு என்று கையை விரித்தவர் ஒருவர் இருக்கிறார். தப்பு அவருடையது. பெயர் வேண்டாம், கதையைக் கேட்கட்டும்.

ஊரார் எல்லாரும் சேர்ந்து நிரப்பிய பொதுத் தொட்டி ஒன்று இருந்தது. அதன் எதிரே ஒரு கட்டடம் எழும்பியது. கான்கிரீட் வார்த்த பலகையைப் பிரித்த அன்றே இளந்தூணைச் சுற்றி ஒரு பழைய சாக்கைக் கட்டினார்கள். வெங்காயம், உப்பு, கரி எல்லாம் சுமந்து அடிபட்ட சாக்கு. கான்கிரீட் இறுகுகிற நாட்களில் ஈரம் காயவே கூடாது என்று அதற்குத் தெரியும். தொட்டியிடம் நாளுக்கு நாலு குடம் கேட்டது.

தொட்டி சிரித்தது. மாடிப் பூச்சு காத்திருக்கிறது, தரை காத்திருக்கிறது. தூணில் ஊற்றினால் மத்தியானத்துக்குள் ஆவி, கண்ணில் காட்ட ஒன்றும் மிஞ்சாது என்றது. சாக்கு விடவில்லை. நாலை மூன்றாக்கி, தனக்குக் கூலியே வேண்டாம் என்று சொல்லி, கடைசியில் காலை ஒன்று மாலை ஒன்று என்று பேசி முடித்தது.

கொஞ்ச நாளில் அதுவும் நின்றது.

"தட்டிப் பாருப்பா, கணீர்னு கேக்குது. தூண் தேறிடுச்சு," என்றது தொட்டி.

"மேல்தோல்தான்யா தேறியிருக்கு. தண்ணி விடலேன்னா நானே அதோட ஈரத்தை உறிஞ்சுவேன். காவலுக்கு வெச்சவனையே திருடனாக்கறியே?"

பக்கத்தில் சாய்ந்திருந்த, முட்டுக் கொடுக்கும் இரும்பு ஜாக்கி, தூண் தள்ளாடினால் தான் தாங்கிக்கொள்வதாக நெஞ்சை நிமிர்த்தியது. அதற்கு வாடகை எவ்வளவு என்று தொட்டி கேட்கவில்லை.

சாக்கு காய்ந்தது. சொன்னபடியே உறிஞ்சியது. அவிழ்ந்து விழப் பார்த்தது, கயிறு விடவில்லை.

மாடியின் பாரம் ஏறியதும் தூணில் வெடிப்பு ஓடியது. ஜாக்கி வந்து நின்றது. அப்புறம் போகவே இல்லை. கொத்த, கழுவ, மறுபடி கலவை போட என்று ஆள்மேல் ஆள் தொட்டிக்கு வந்தார்கள். பூச்சுக்கென்று பொத்தி வைத்திருந்த தண்ணீரும் அடிமட்டத்துக்குப் போனது.

அன்றைக்கே ஊற்றியிருக்கலாம் என்று தொட்டி முனகியது. சாக்கு அதைச் சமாதானமாக எடுத்துக்கொள்ளவில்லை.

"புலம்பலை நீயே வெச்சுக்க. அந்தாண்ட இன்னொரு தூணுக்கு இன்னிக்குத்தான் பலகை பிரிச்சிருக்காங்க. என்னைத்தான் கட்டப் போறாங்க. மிச்சம் இருக்கறதுல முதல் குடம் அதுக்கு."

தொட்டி யோசித்தது. யோசித்து என்ன? குழாயின் திருகு உங்கள் கையில் இருக்கிறது, பால்வாடிக்குக் கையை விரித்த ஐயா. பேசினது போதும், திறந்துவிடுங்கள்.