வாய் காய்ந்தபோது பார்த்த நிறம்

எமல்டாவுக்கு முப்பத்தோரு வயது. நாகர்கோவிலில் பல் செய்கிற லேப் வைத்திருந்தாள். அவளிடம் வேலை படிக்க வந்த தாணுமாலயனுக்கு நாற்பத்தாறு. அதற்கு முன்னால் காருக்குப் பெயின்ட் அடித்தவர். கீறல் எங்கே இருந்தது என்று வண்டிக்காரனே தேடுகிற மாதிரி நிறம் சேர்ப்பார். அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

அவர் அவளை டீச்சரம்மா என்பார். அவள் அவரை அண்ணாச்சி என்பாள்.

ஒருநாள் டாக்டரிடமிருந்து போன் வந்தது. தாணுமாலயன் செய்த முன்பல் சரியில்லை.

அது சுயம்புலிங்கத்தின் பல். ரிட்டயர் ஆன பஸ் கண்டக்டர். அவர் மனைவி ராஜபுஷ்பத்துக்கு ஞாபகம் போய்க்கொண்டிருந்தது. பிள்ளைகள் பேர் போயிற்று, சொந்த வீடு போயிற்று. ஆனால் புருஷன் சிரித்தால் மட்டும் தெரிந்துகொள்வாள். போன மாதம் அவர் வழுக்கி விழுந்தார். முன்பல் உடைந்தது. அந்த ஓட்டைச் சிரிப்பைப் பார்த்ததும் கள்ளன் என்று கத்திக் கதவைச் சாத்திவிட்டாள்.

"அழகா வேண்டாம். பழசு மாதிரியே வேணும்" என்றுதான் அவர் கேட்டிருந்தார்.

டாக்டர் புதுப் பல்லைத் தற்காலிகமாக ஒட்டி அனுப்பினார். சுயம்புலிங்கம் வீட்டு வாசலில் நின்று சிரித்தார்.

அவள் கத்தவில்லை. "நீங்க யாரு?" என்று கேட்டாள்.

தாணுமாலயன் போனை வைத்தார். "நிறம் பாக்குற மாதிரிப் பல்லைப் பக்கத்துப் பல்லோட வச்சுத்தானே பாத்தேன். அச்சா ஒத்துப்போச்சு. எங்க தப்பு, டீச்சரம்மா?"

"எப்போ பாத்தீங்க?"

"டாக்டர் உடைஞ்ச பல்லைத் தேய்ச்சு முடிச்ச பொறவு. அதுவரைக்கும் வாயைத் திறந்தேதான் வச்சிருந்தார். பஸ் லேட்டு."

எமல்டா எழுந்தாள். பஞ்சை எடுத்தாள். "வாயைத் திறங்க, அண்ணாச்சி."

உதட்டை விலக்கிப் பஞ்சை அடைத்தாள். கண்ணாடி முன்னால் உட்கார வைத்தாள். பிறகு தன் வேலையைப் பார்க்கப் போனாள்.

அரைமணி நேரம். அவர் ஏதோ சொல்ல முயன்றார். காற்றுதான் வந்தது.

"இன்னைக்காவது லேப் அமைதியா இருக்கு" என்றாள்.

அப்புறம் விளக்கைப் பக்கத்தில் இழுத்தாள். "பாருங்க."

பார்த்தார். அவருடைய பல்தான். ஆனால் காய்ந்து சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது. வெளிச்சம் உள்ளே போகாமல் மேலேயே நின்றது.

பஞ்சை எடுத்தாள். "தண்ணி குடிச்சிட்டு வாயை மூடிட்டு இருங்க. சாயங்காலம் திரும்பப் பாருங்க."

சாயங்காலம் ஈரம் ஏறி, பல் பழைய மஞ்சளுக்கு வந்திருந்தது. ஓரத்தில் வெளிச்சம் ஊடுருவியது.

அவர் யாரையும் குறை சொல்லவில்லை. பஸ்ஸையும் சொல்லவில்லை. மறுநாள் விடியுமுன் கிளம்பினார். சுயம்புலிங்கத்தை வாயே திறக்க விடாமல் உட்கார வைத்து, திறந்த உடனே நிறம் பார்த்தார். மூன்று நாள் வேலை செய்தார். பீங்கான் பொடியை ஒவ்வொரு படலமாக வைத்தார். ஈறு பக்கம் வெற்றிலைக் காவி. நுனியில் வெளிச்சம் விடுகிற மெல்லிய ஓரம். பக்கத்துப் பல்லில் இருந்த மாதிரி ஒரு மயிர்க்கோட்டு விரிசலும் வைத்தார். எமல்டா பார்த்துவிட்டுத் தலையாட்டினாள். அவள் சும்மா தலையாட்டுகிறவள் இல்லை.

நான்காம் நாள் சுயம்புலிங்கமே லேப்புக்கு வந்தார். பல்லை எடுத்து ஜன்னல் பக்கம் பிடித்தார். ரொம்ப நேரம் பிடித்திருந்தார்.

"இதான். எம் பல்லு இதேதான்."

மறுபடி டப்பாவில் வைத்தார்.

"டாக்டர்ட்ட போனா இப்பமே மாட்டிருவார்" என்றார் தாணுமாலயன்.

"வேண்டாம்." சுயம்புலிங்கம் வாயிலிருந்த வெள்ளைப் பல்லைத் தொட்டார். "இது இருக்கட்டும்."

"ஏன்?"

"இப்ப என்னை விருந்தாளின்னு நினைக்கா. கதவைத் திறக்கா. காப்பி தாரா. இருங்க, அவர் டூட்டி முடிஞ்சு வந்துருவார்ங்கா. அவரைப் பத்தியே பேசுதா. கல்யாணமாகி நாப்பத்து மூணு வருசம். ஒருநாளும் எங்கிட்ட இதெல்லாம் சொன்னதில்ல."

"இதைப் போட்டா நீங்கதான்னு தெரிஞ்சிருமே."

"தெரியலன்னா?" சுயம்புலிங்கம் சிரிக்கப் பார்த்தார். "அப்புறம் மாட்டிப் பாக்க வேற பல்லு இல்லியே."

தாணுமாலயன் டப்பாவைக் கையில் எடுத்தார். கிழவர் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினார்.

அவர் போனதும் தாணுமாலயன் கேட்டார். "அப்போ என் தப்பு நல்லதுக்குத்தானா, டீச்சரம்மா?"

"தப்பு தப்புதான், அண்ணாச்சி."

"இதை என்ன செய்ய? கழிவுல போட்டுரவா?"

எமல்டா டப்பாவை வாங்கினாள். மேலே சுயம்புலிங்கம் என்று எழுதினாள். வேலை முடிந்து, ஆள் வந்து வாங்கக் காத்திருக்கும் பல்வரிசைகளோடு அதையும் வைத்தாள்.

"அவர்தான் வேண்டாம்னுட்டாரே. எத்தனை நாளைக்கு வைக்க?"

"வீட்டுக்காரர் எப்போ வருவார்னு அந்தம்மா கேக்கிற வரைக்கும்."