ஆற்றுக்கு ஒரு பிடி அரிசி

அந்தக் காலத்தில், மீன் முதல் ஆறு வரை எல்லாமே வாய் திறந்து பேசிக்கொண்டிருந்தபோது, சிந்து ஆற்றுக்கு ஒரு பொழுதும் நிம்மதி கிடையாது. விடிந்தால் போதும், கரையில் ஆள் வந்து நின்றுவிடும். "தண்ணியைக் கொஞ்சம் ஏத்து, என் கோதுமை காயுது" என்பான் ஒருவன். "இறக்கு, என் செங்கல் நனையுது" என்பான் பக்கத்திலேயே நிற்பவன். படகுக்காரனுக்கு ஆழம் வேண்டும். மாடு ஓட்டுகிறவனுக்கு முழங்கால் அளவுக்கு மேல் இருக்கக்கூடாது. சரி, கேட்டது கிடைத்த பிறகாவது ஒரு நல்ல வார்த்தை? மூச்! அழுக்குத் துணியை அலசிக்கொண்டே அடுத்த வேண்டுதலை ஆரம்பித்துவிடுவார்கள். என்ன ஜனங்களோ!

"கேட்டுக் கேட்டு எனக்கே காது புளிச்சுப்போச்சு. நீங்க எப்படித்தான் பொறுத்துக்கிறீங்களோ!" என்றது ஆற்றில் இருந்த பல்லா மீன்.

"பொறுத்தது போதும். யாரோ எப்படியோ போகட்டும், நான் போறேன்" என்றது ஆறு.

சொன்னபடியே படுகையை விட்டு எழுந்துபோய், மணல்மேட்டுக்கு அந்தப் பக்கம் முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டது. போன கோபத்தில் மீனைக் கூட்டிப்போகக்கூட மறந்துவிட்டது. அது ஒரு குட்டையில் கிடந்து தவித்தது.

அன்றைக்கென்று பார்த்து, கரையோர ஊர்க்காரி ஜேட்டியின் மகள் ருக்கி தலைப்பிரசவத்துக்காகப் படகில் தாய்வீடு வந்துகொண்டிருந்தாள். தண்ணீர் போனதும் படகு நடு மணலில் தரைதட்டி நின்றது. அவளுக்கு வலி கண்டுவிட்டது. வண்டி கட்டினால் சக்கரம் புதைகிறது. தூக்கி நடந்தால் கால் புதைகிறது. படகோட்டி ஓடிவந்து சொன்னதும், மகளுக்குப் பசிக்குமே என்று இருந்த அரிசியையும் சர்க்கரையையும் முந்தானையில் முடிந்துகொண்டு ஜேட்டி ஓடினாள்.

வழியில் குட்டைக்குள்ளிருந்து பல்லா மீன் கத்தியது. "வெறும் ஆளா அங்கே போய் என்னம்மா பண்ணப்போறே? அந்த மேட்டுக்குப் பின்னாலே படுத்திருக்கிறாரே, அவரை எழுப்பு!"

ஜேட்டி மேட்டில் ஏறினாள். ஆறு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"வந்தாச்சா? சொல்லு, உனக்கு என்ன? ஏத்தணுமா, இறக்கணுமா?" என்று எரிந்து விழுந்தது.

ஜேட்டிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நறுக்கென்று நாலு வார்த்தை கேட்கத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் அவள் வாசலுக்கு யார் வந்தாலும், சண்டைக்கே வந்தாலும், முதலில் கேட்கிற கேள்விதான் பழக்கத்தில் வந்து விழுந்தது.

"சாப்பிட்டீங்களா ஐயா? இப்படி வாடிக் கிடக்கிறீங்களே."

ஆறு மெல்லத் திரும்பியது. "இத்தனை ஊருக்குச் சோறு போடறேன். ஒருத்தர் இதைக் கேட்டதில்லையம்மா" என்றது.

ஜேட்டி முந்தானை முடிச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு கணம் நின்றாள். அது மகளுக்கென்று எடுத்துவந்தது. வீட்டில் வேறு பிடி அரிசி இல்லை. "எல்லாருக்கும் இன்னைக்கேதான் பசிக்கணுமா!" என்று முணுமுணுத்துக்கொண்டே முடிச்சை அவிழ்த்தாள். அரிசியையும் சர்க்கரையையும் கலந்து, மிச்சம் வைக்காமல் தண்ணீரில் தூவினாள்.

ஆறு கடைசி அரிசிமணி வரை சாப்பிட்டது.

"இப்போ கேளு."

கொடுக்க வேறெதுவும் இல்லாததால், ஜேட்டி வெறும் முந்தானையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தாள். "என் பொண்ணு வலியோட மணல்லே கிடக்கிறா ஐயா. ரெண்டு உயிர். கொண்டுவந்து சேர்த்திடுங்க."

"அடக் கடவுளே! இதை முதல்லேயே சொல்லித் தொலைக்கக்கூடாதா!" என்று கத்திக்கொண்டே ஆறு எழுந்து ஓடியது. போகிற போக்கில் மீனை அள்ளிக்கொண்டது. படகைப் பூப்போலத் தூக்கி ஜேட்டியின் வீட்டு வாசலிலேயே கொண்டுவந்து நிறுத்தியது. ருக்கியின் குழந்தை சுகமாகப் பிறந்தது. அதன் முதல் குளியலுக்குத் தண்ணீர் எடுக்க யாரும் நாலடிகூட நடக்க வேண்டியிருக்கவில்லை.

அன்று முதல்தான், சிந்தி மக்கள் தண்ணீரின் முன்னால் போய் நின்றால் முதலில் அரிசியும் சர்க்கரையும் போடுகிறார்கள், பிறகுதான் முந்தானையை விரித்துக் கேட்கிறார்கள். அந்த ஆறு கண்ணுக்கெட்டாத ஊரில் வாழ்கிறவர்களும், கடலோ கிணறோ எது பக்கத்தில் இருக்கிறதோ, அதற்கு முதலில் ஊட்டிவிட்டுத்தான் வாயைத் திறக்கிறார்கள்.