இறைக்கச் சொன்ன குட்டை

வெள்ளத்தாயி அரசாங்க மானியத்த நம்பித்தான் தன் மொளகாக்காட்டுல பண்ணைக்குட்டை வெட்டுனா. மழை பேஞ்சு குட்டையும் ரொம்பிருச்சு. சரிபாக்க வந்த ஆபீசரோட ஜீப்பு கரையோரமா வந்து நின்னுச்சு. அதுக்குப் பிரேக்கு சரியில்ல, போன வாரந்தான் ஒரு கல்யாணப் பந்தலுக்குள்ள பூந்துச்சு, அத விடுங்க. ஆபீசரு எறங்கவே இல்ல.

"தண்ணி கெடக்கு, ஆழம் தெரியல. மொத்தத்தையும் எறைச்சுக் காட்டு, கையெழுத்துப் போடுறேன்."

எறைச்சா செடி காஞ்சுரும், எறைக்கலேன்னா மானியம் போயிரும்.

"ஆறடி இருக்குய்யா."

"எனக்கு முழங்காலளவுதான் தெரியுது."

"அப்ப எதுக்குய்யா எறைக்கணும்? இதுக்குள்ளயே அந்தக் கரைக்கு ஜீப்ப ஓட்டச் சொல்லுங்க. முழங்காலளவு தண்ணி ஜீப்ப என்ன செய்யும்?"

டிரைவர் சாவிய உருவிட்டுக் கீழ குதிச்சான். "சார், ஆறடி இருக்கும் சார்!"

ஆபீசரு 'ஆழம் ஆறடி'ன்னு எழுதிக் கையெழுத்தும் போட்டுட்டு, "ஏறுப்பா, மெதுவா ரிவர்ஸ் எடு"ன்னாரு.